விளக்கு எரியும்வரை காத்திருக்கலாமா? அரியலூர், பெரம்பலூர் லாரிகளும் டீசலில் சேரும் தண்ணீரும்

அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கும்வரை லாரி ஓட்டம் நிற்கப்போவதில்லை. அரசின் டான்செம் ஆலையும், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் ஆகிய ஊர்களை ஒட்டிய தனியார் ஆலைகளும் கல்லுக்கும் நிலக்கரிக்கும் சாம்பலுக்கும் சிமென்ட் மூட்டைக்கும் லாரிகளையே பெரிதும் நம்பியிருக்கின்றன. பக்கத்துப் பெரம்பலூரில் கல் குவாரிகள், கிரஷர்கள், எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வண்டிகள். இவற்றோடு மாவட்டத்தை நெடுக்காக வெட்டிப்போகும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையின் வாகனங்களும் சேர்ந்துகொள்கின்றன. இத்தனை வண்டிகளின் பராமரிப்பில் டயர், பிரேக், கிளட்ச் பற்றிப் பேசாத லாரி உரிமையாளர் இல்லை. டீசலில் சேரும் தண்ணீரை வடிப்பது மட்டும் பேச்சுக்கே வருவதில்லை. அது டிரைவர் நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளும் சில்லறை வேலை என்றும், டாஷ்போர்டில் விளக்கு எரிந்தால் கவனித்தால் போதும் என்றும் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. பழைய என்ஜின்களுக்கு அந்த வழக்கம் ஓரளவு பொருந்தியது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 வண்டிகளுக்கு அது பொருந்தாது. விளக்கு எரிந்தபின் வடிப்பது காலம் கடந்து வடிப்பதுதான். அந்த வேலையின் பொறுப்பையும் டிரைவர் ஒருவர் தலையில் கட்டிவிட முடியாது.

முதலில், மாறியது என்ன என்று பார்க்க வேண்டும். 1951-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் இன்லைன் பம்ப்தான் பல பத்தாண்டுகள் நம் லாரிகளின் இதயமாக இருந்தது. அந்தப் பம்பில் நாசில் திறக்கும் அழுத்தம் ஏறக்குறைய 200 முதல் 250 பார். பம்பின் கேம்ஷாஃப்ட் என்ஜின் ஆயிலில் ஊறிக் கிடக்கும். தண்ணீர் புகுந்தால் நாசில் கெடும், பிளஞ்சர் தேயும், புகை கக்கும், இழுவை குறையும். ஆனாலும் வண்டி ஊர் வந்து சேரும். பம்ப், நாசில் வேலை பார்க்கும் கடையில் இறக்கி, பிளஞ்சரை மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிச் சரிசெய்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ லோடு ஏற்றிவிடலாம். பிஎஸ்-6 வண்டிகளில் இருக்கும் காமன் ரெயில் முறை வேறு வகை. அங்கே ரெயிலுக்குள் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். பல என்ஜின்களில் 2,000 பார் வரை போகும். இன்ஜெக்டருக்குள் ஒன்றோடொன்று உரசி நகரும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான் அளவுதான். பெரும்பாலான காமன் ரெயில் பம்புகளுக்கு மசகு எண்ணெய் தனியாகக் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே எரிபொருள், அதுவே மசகு. அந்த டீசலுக்கு நடுவே ஒரு மிடறு தண்ணீர் வந்தால் இரும்பும் இரும்பும் நேராக உரசும். உரசியதில் பெயர்ந்த துகள் ரெயிலுக்குப் போகும், அங்கிருந்து இன்ஜெக்டருக்குப் போகும், மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். அப்புறம் பம்பை மட்டும் மாற்றினால் தீராது. டேங்கைக் கழுவி, லைனை மாற்றி, ஆறு சிலிண்டர் என்ஜினாக இருந்தால் ஆறு இன்ஜெக்டரையும் பார்த்தாக வேண்டும். தண்ணீர் அதேதான். அது செய்யும் சேதம் மட்டும் ஒரு பாகத்தோடு நில்லாமல் முழு அமைப்புக்கும் பரவுகிறது.

தண்ணீர் வேறு இரண்டு வழிகளிலும் கெடுதி செய்கிறது. இன்ஜெக்டர் முனையின் சூட்டில் அது நொடியில் ஆவியாகி விரியும். அந்த விரிவுக்கு நாசில் முனை தாங்காமல் வெடிப்பு விடுவதுண்டு. இன்னொன்று உயிர் சார்ந்தது. டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் மேலே மிதக்கும் டீசலுக்கும் இடைப்பட்ட பரப்பில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வளர்கின்றன. அவற்றுக்கு டீசல் உணவு, தண்ணீர் குடியிருப்பு. வளர வளரக் கருமையான, கொழகொழவென்ற ஒரு படலம் உண்டாகி ஃபில்டரை அடைக்கும். அதிலிருந்து சுரக்கும் அமிலம் டேங்கை உள்ளிருந்தே அரிக்கும். ஃபில்டர் போட்டுச் சில நாளிலேயே அடைபடுகிறது, டீசல் சரியில்லை என்று பங்க்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒருமுறை தங்கள் டேங்கின் அடியைப் பார்க்க வேண்டும். நோய் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும். தண்ணீர் இல்லாத டேங்கில் இவை வளர முடியாது என்பதால், ஃபில்டரை மாற்றுவதைவிடத் தண்ணீரை அகற்றுவதே மருந்து.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு லாரிக்காரர்கள் நடுவே இரண்டு பதில்கள் ஓங்கி ஒலிக்கின்றன. பங்க்கில் கலப்படம் என்பது ஒன்று. பாதி டேங்கோடு நிறுத்தினால் ராத்திரிக் குளிரில் உள்ளே வியர்க்கும் என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 லிட்டர் டேங்கில் 100 லிட்டர் டீசல் இருக்கிறது, மீதி 200 லிட்டர் இடத்தில் காற்று என்று வைத்துக்கொள்வோம். ஈரம் முழுதாக நிறைந்த காற்று 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் நீராவியைச் சுமக்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் சுமக்கும். ஆக, மார்கழி ராத்திரியில் வெப்பம் 10 டிகிரி இறங்கினால் அந்த 200 லிட்டர் காற்றிலிருந்து அதிகபட்சம் இரண்டரை கிராம் தண்ணீர் வடியும். அரைத் தேக்கரண்டி அளவு. ஒரு மாதம் விடாமல் இப்படியே நடந்தாலும் 80 மில்லியைத் தொடாது. இது பொய்யான காரணம் அல்ல. ஆனால் சொல்லப்படும் அளவுக்குப் பெரிய காரணமும் அல்ல. தினமும் டேங்கை நிரப்பி நிறுத்தச் சொல்லும் அறிவுரை, டீசல் திருட்டு பயத்தோடும் கையிருப்புப் பணத்தோடும் மல்லுக்கட்டும் ஒற்றை லாரி உரிமையாளருக்கு நடைமுறையில் உதவாது. ஓட்டம் இல்லாமல் பல வாரம் நிற்கப்போகும் வண்டிக்குத்தான் அது தேவை.

இப்போது, எந்தக் கலப்படமும் இல்லாத டீசலை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தரக் கட்டளை ஐஎஸ் 1460, பிஎஸ்-6 டீசலில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை தண்ணீர் இருக்க அனுமதிக்கிறது. 300 லிட்டர் டீசல் ஏறக்குறைய 250 கிலோ எடை வரும். அப்படியானால் ஒருமுறை டேங்கை நிரப்பும்போது சட்டப்படியே 50 கிராம் தண்ணீர் வரை உள்ளே வரலாம். ஒரு மாதக் காற்றின் வியர்வையில் பாதிக்கும் மேல், நேர்மையான ஒரே நிரப்பலில் வந்துவிட இடமிருக்கிறது. அதில் ஒரு பங்கு டீசலில் கரைந்தே இருந்து எரிந்து போகும். மிச்சம் பிரிந்து அடியில் இறங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டேங்கை நிரப்பும் வண்டியில் அது சேர்ந்துகொண்டே போகும். தண்ணீர் வடிப்பதை மோசடிக்கு எதிரான எச்சரிக்கையாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். உலகத்திலேயே நேர்மையான பங்க்கில் நிரப்பினாலும் வடித்தாக வேண்டும்.

அதற்காகப் பங்க்குகளுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. பெரிய அளவில் தண்ணீர் வரும் வழிகளில் முதன்மையானது நிலத்தடித் தொட்டிதான். 2025 ஜூன் இறுதியில் மத்தியப் பிரதேச முதல்வரின் பயணத்துக்காக ரத்லாம் வந்த 19 வண்டிகள் அங்கே ஒரு பங்க்கில் டீசல் நிரப்பிய சற்று நேரத்தில் வரிசையாக நின்றுபோயின. டேங்குகளைக் கழற்றிப் பார்த்தபோது டீசலோடு தண்ணீர் வந்தது. பங்க் மூடி முத்திரையிடப்பட்டது. மழைநீர் தொட்டிக்குள் கசிந்தது என்றே காரணம் சொல்லப்பட்டது. முதல்வரின் வண்டிகள் என்பதால் நாடு அறிந்தது. ஐப்பசி அடைமழையில் ஒரு டிப்பர் லாரிக்கு அதே கதி வந்தால் செய்தியாகாது. பங்க்கில் வாடிக்கையாளர் கேட்டுப் பார்க்கக்கூடிய அடர்த்திச் சோதனை இதற்குக் கைகொடுக்காது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பதிவில் உள்ள அடர்த்திக்கும் அளந்த அடர்த்திக்கும் கன மீட்டருக்கு 3 கிலோ வரை வேறுபாடு ஏற்கப்படுகிறது. 830 அடர்த்தியுள்ள டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு தண்ணீர் முழுதாகக் கலந்து நின்றாலும் அடர்த்தி 831.7 ஆகத்தான் உயரும். அதாவது 300 லிட்டரில் 3 லிட்டர் தண்ணீர் இருந்தாலும் அந்தச் சோதனை தேறிவிடும். மண்ணெண்ணெய்க் கலப்படத்தைப் பிடிக்க உதவும் சோதனை தண்ணீரைப் பிடிக்காது. கேட்க வேண்டியது வேறு: தொட்டிக்குள் விடும் அளவுகோலின் நுனியில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி அளப்பார்களே, அந்தக் காலை அளவு என்ன என்று கேட்க வேண்டும். தானியங்கி அளவுக் கருவி உள்ள பங்க்குகளில் தொட்டியின் தண்ணீர் மட்டம் திரையிலேயே தெரியும். அதோடு, நாசிலில் இருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்துச் சில நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பது எந்த எண்ணையும்விட நேரான சாட்சி. டேங்கர் வந்து தொட்டியில் டீசலை இறக்கிக்கொண்டிருக்கும்போதோ, இறக்கி முடித்த கையோடோ நிரப்பாமல் இருப்பதும் நல்லது. அப்போது அடியில் கிடந்தது அனைத்தும் கலங்கி மேலே வந்திருக்கும்.

இந்த இரு மாவட்டங்களுக்கே உரிய வழிகளும் உண்டு. காரைக்கால் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றப் போகும் வண்டிகள் அங்கே டீசல் விலை குறைவு என்பதால் டேங்க் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வருவது வழக்கம். சிலர் கேனிலும் கொண்டு வருகிறார்கள். குவாரிகளிலும் கிரஷர்களிலும் பொக்லைனுக்காகப் பேரலில் டீசல் வைத்திருந்து, அவசரத்துக்கு டிப்பருக்கும் அதிலிருந்தே ஊற்றுவார்கள். நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் மழைநீர் குளம்போல நிற்கும். பகல் வெயிலில் பேரலுக்குள் காற்று விரிந்து மூடியின் வழியே கொஞ்சம் வெளியேறும். மாலையில் மழை பெய்து பேரல் குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைந்து, மூடியைச் சுற்றி நிற்கும் தண்ணீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று நிர்வாகி சத்தியம் செய்வார், அதுவும் உண்மையாகவே இருக்கும். பேரலைக் கூரையின் கீழ் வைப்பதும், இடமில்லாவிட்டால் மூடிகள் இரண்டும் டீசல் மட்டத்துக்குக் கீழே வரும்படி பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைப்பதும் செலவில்லாத தீர்வு. வண்டியின் டேங்க் மூடி இதைவிட மோசம். டீசல் திருடர்கள் உடைத்த மூடிக்குப் பதில் துணியையும் பாலித்தீனையும் சுற்றி அடைத்துக்கொண்டு ஓடும் டிப்பர்கள் சுரங்கச் சாலைகளில் அரிதல்ல. மழையும், வண்டி கழுவும் பம்பின் பீய்ச்சலும், சுண்ணாம்புத் தூசியும் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன.

வடிகட்டும் கருவி வண்டியிலேயே இருக்கும்போது இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாட்டர் செபரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அதன் எல்லையும் விளங்கும். டீசல் அதன் ஃபில்டர் வழியே கடக்கும்போது நுண்ணிய நீர்த்துளிகள் ஒன்றுகூடிப் பெரிதாகி, எடை மிகுந்து கீழே உள்ள கிண்ணத்தில் இறங்கும். இரண்டு மின்முனைகள் கொண்ட சென்சார் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. டீசல் மின்சாரம் கடத்தாது, தண்ணீர் கடத்தும். தண்ணீர் மட்டம் அந்த முனைகளைத் தொட்டதும் விளக்கு எரியும். ஆக, விளக்கு சொல்லும் செய்தி ‘தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது’ என்பது அல்ல, ‘கிண்ணம் நிறையப்போகிறது’ என்பது. டேங்கின் அடியில் அதற்குப் பல மடங்கு தண்ணீர் கிடந்தாலும் விளக்குக்குத் தெரியாது. மேட்டில் ஏறும்போதோ, சுரங்கத்தின் சரிவில் டேங்க் சாயும்போதோ அந்தத் தண்ணீர் மொத்தமாக உறிஞ்சு குழாயை எட்டினால், செபரேட்டர் திணறி மிச்சத்தைப் பம்புக்கு விட்டுவிடும். கரைந்த நிலையில் உள்ள தண்ணீரை எந்தச் செபரேட்டராலும் பிரிக்க முடியாது. பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டதால் இழந்த மசகுத் தன்மையை ஈடுகட்டச் சேர்க்கும் பொருள்கள் நீர்த்துளிகள் ஒன்றுசேர்வதைக் கடினமாக்குகின்றன. பயோடீசல் கலந்தால் இது இன்னும் கூடும், ஏனென்றால் பயோடீசல் சாதாரண டீசலைவிடப் பல மடங்கு தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்பது 2018-ன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வைத்த இலக்கு. செபரேட்டரின் வேலை இனிக் கூடுமே தவிரக் குறையாது.

எப்போது வடிப்பது என்பதில்தான் வழக்கம் பெரிதும் பிழைபட்டிருக்கிறது. காமன் ரெயில் வண்டியில் ரிட்டர்ன் லைன் வழியே சூடான டீசல் ஓயாமல் டேங்குக்குத் திரும்புகிறது. சூடான டீசல் தண்ணீரைக் கூடுதலாகக் கரைத்துக்கொள்ளும். வண்டி நின்று ராத்திரி குளிர்ந்ததும் கரைந்திருந்ததில் ஒரு பங்கு பிரிந்து அடியில் இறங்கும். ஓட்டத்தில் கலங்கியிருந்த துளிகளும் அதே நேரத்தில் அமைதியாகப் படியும். எனவே தண்ணீர் அதிகம் கையில் சிக்குவது விடியற்காலை, என்ஜினைத் தொடுவதற்கு முன். டிரிப் முடித்து வந்து சூட்டோடு சூடாக வடிப்பவருக்குச் சுத்தமான டீசல்தான் வரும், தண்ணீரே இல்லை என்று திருப்தியோடு போய்விடுவார். சமதளத்தில் வண்டி இரவெல்லாம் நின்றிருக்க வேண்டும். செபரேட்டரின் அடியில் உள்ள ட்ரெயின் திருகைக் கையால் தளர்த்தி, கீழே ஒரு தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். எதுவும் இறங்கவில்லை என்றால் மேலே உள்ள காற்றுத் திருகைச் சற்றுத் திறந்தால் இறங்கும். டீசல் மட்டும் சீராக வரும்வரை விட்டு, திருகைக் கையாலேயே இறுக்கி, பிரைமிங் பம்ப் கெட்டியாகும்வரை அடித்தால் ஏர் லாக் ஆகாது. பிறகு பாட்டிலைப் பார்க்க வேண்டும், இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. அடியில் தெளிந்த தண்ணீர் தனியாக நின்றால் வழக்கமான சேர்மானம். பழுப்பு நிறம் இருந்தால் டேங்க் துருப்பிடிக்கிறது. தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கரிய நூல்கள் மிதந்தால் பூஞ்சை குடியேறிவிட்டது, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். முழுவதும் பால்போல் கலங்கி நின்றால் அன்றைக்கு அந்த வண்டியை எடுக்கக்கூடாது. டேங்கின் அடித் திருகையும் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது இப்படித் திறந்து பார்ப்பது அவசியம். வடித்ததை மண்ணிலோ ஏரிக்கரையிலோ ஊற்றாமல் பழைய ஆயில் கேனில் சேர்க்க வேண்டும்.

அனுபவசாலிகள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. டேங்கில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றினால் தண்ணீரை அது இழுத்துக்கொண்டு எரிந்துபோகும், இத்தனை சிரமம் வேண்டாம் என்பார்கள். தண்ணீரைக் கரைத்துவிடும் என்று விற்கும் மருந்துகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவை தண்ணீரை வெளியேற்றுவதில்லை. செபரேட்டர் பிடிக்க முடியாத அளவுக்குப் பொடியாக்கி இன்ஜெக்டர் வழியே அனுப்புகின்றன. 250 பார் நாசில் அதைப் பொறுத்துக்கொண்டது. ஸ்பிரிட் டீசலின் மசகுத் தன்மையையும் குறைப்பதால், டீசலாலேயே வழுக்கும் பம்புக்கு இது இரட்டைத் தண்டனை. இருபது வருடம் இப்படித்தான் ஓட்டினோம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அவர்கள் ஓட்டிய வண்டி வேறு.

இன்னும் கனமான மறுப்பு நேரத்தைப் பற்றியது. டிரிப் கணக்கில் சம்பளம் வாங்கும் டிரைவருக்கு ஆலை வாசலில் வரிசையில் முந்துவது வருமானம். விடிகாலையில் வண்டிக்கு அடியில் குனிந்து கிடக்கும் பத்து நிமிடத்துக்கு அவருக்கு ஒரு ரூபாயும் கிடைப்பதில்லை. வழியில் விளக்கு எரிந்தாலும் லோடை இறக்கிவிட்டுப் பார்ப்போம் என்று ஓட்டுவதும், தொல்லை தாங்காமல் சென்சார் வயரையே கழற்றிவிடுவதும் இதனால்தான். அவரைக் குறை சொல்வது எளிது, நியாயம் அல்ல. தண்ணீரால் கெட்ட பம்பும் இன்ஜெக்டரும் பொதுவாக வாரண்டியில் வராது, எனவே நட்டம் முழுவதும் உரிமையாளருடையது. நட்டம் யாருடையதோ அவரே அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் கட்டட வேலை குறைந்து சிமென்ட் ஓட்டம் தளரும்போது வண்டிகள் நாள்கணக்கில் பாதி டேங்கோடு நிற்கின்றன. பூஞ்சைக்கு அதைவிடத் தோதான பருவம் இல்லை. அந்த நாள்களில் வடிக்கும் வேலைக்கு டிரைவரை அழைக்க வேண்டுமென்றால் அவருக்குப் படி கொடுத்துத்தான் அழைக்க வேண்டும்.

ஆலைகளும் ஒதுங்கி நிற்க முடியாது. நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவு நிற்கும் லாரி நிறுத்தங்களில் சமதளமான ஓர் ஓரமும், வடித்த கழிவைச் சேர்க்க ஒரு பேரலும் வைப்பது அவற்றுக்குப் பெரிய செலவல்ல. பங்க்குகள் காலையில் அளந்த தண்ணீர் மட்டத்தை விலைப் பலகைக்குப் பக்கத்தில் எழுதி வைத்தால் கேட்கக் கூச்சப்படும் டிரைவரும் படித்துக்கொள்வார். லாரி உரிமையாளர் சங்கங்கள் இந்த ஐப்பசிக்கு முன்பே இவ்விரண்டையும் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை ஒவ்வொரு உரிமையாளரும் தம் வண்டியில் ஒரு தெளிவான பாட்டிலை வாங்கி வையுங்கள், காலைப் பத்து நிமிடத்துக்கு டிரைவருக்குப் படி போடுங்கள், அன்றாடம் வடித்ததைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.